வடக்கே சென்ற கல்

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் அமைக்கக் கல் வேண்டி வடக்கே சென்ற செய்தியைச் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் நாம் படித்திருக்கிறோம். இமயத்தில் கல்லெடுத்து, அதனைக் கங்கையில் நீர்ப்படை செய்து, வஞ்சிக்குக் கொணர்ந்தான் என்பது இளங்கோவடிகள் கூறும் வரலாறு. அது தெற்கு நோக்கி வந்த கல். அதற்கு எதிர்த்திசையில் தமிழகத்துக் கல்லொன்று வடக்கே சென்று, கங்கையின் கிளையாகிய ஊக்ளி ஆற்றுக்கு அணித்தே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. அது மன்னன் எடுப்பித்த கல்லன்று. பத்தினிக்கு நட்ட கல்லுமன்று. ஒரு கம்பெனி வணிகனின் சவக்குழிமேல் வைத்த பலகைக் கல். ஆயினும் அதன் பிறப்பிடம் நம் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் என்று அறிந்தபோது, அதனை ஒருமுறை நேரில் கண்டு வரவேண்டும் என்னும் ஆவல் எமக்குப் பல நாளாக இருந்து வந்தது.

சென்ற மார்கழியில் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. சங்கத்து அன்பர் நால்வராக டாட்டாநகர்ச் சந்திப்பில் வண்டியேறினோம். கல்கத்தா செல்வோர் காளிகட்டத்துக்கும் தட்சிணேசுவரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் செல்வது வழக்கம். யாம் கல்லறைகளைக் காணப் போகிறோம் என்று சொன்னவுடன் வீட்டிலுள்ள பெரியவர்கள், திரும்பி வந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டார்கள். மார்கழிக் குளிரில் அது சிறிய தண்டனையன்று. கல்கத்தா 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கப்படுகிறது. ஆயினும் பழங்கதை பேசும் இக்கட்டுரையில் பழம்பெயரையே ஆள்கிறோம்.

முதலில் சென்றது புனித யோவான் ஆலயம். மகாராஜா நவகிருஷ்ண தேவர் அளித்த நிலத்தில் 1784-இல் தொடங்கி 1787-இல் கட்டி முடிக்கப்பட்டது அது. ஆனால் ஆலயத்தைவிட அதன் வளாகம் பழையது. ஆங்கிலேயர் கல்கத்தாவில் தம் இறந்தோரை முதன்முதலில் அடக்கம் செய்த இடம் அதுவே. அதன் ஒரு மூலையில் எண்கோண வடிவில், மாடங்களும் வளைவுகளும் கொண்டு, ஒரு முகமதியச் சமாதியோ என்று ஐயுறத்தக்க வகையில் நிற்கும் சிறு கட்டடந்தான் ஜாப் சார்னாக்கின் கல்லறை. அவருடைய மருமகன் சார்லஸ் அயர் எழுப்பியது.

சார்னாக் 1690 ஆகஸ்டு 24-ஆம் நாள் சுதாநுதி என்னும் சிற்றூரின் படித்துறையில் வந்திறங்கிக் கம்பெனியின் பண்டகசாலைக்கு இடங்கண்டவர். அதற்கு முன் வங்கத்தில் மொகலாயரோடு பொருது தோற்று, சென்னைக்குப் பின்வாங்கியிருந்தார். அவர்தம் புதல்வியர் 1689-இல் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியன்னை ஆலயத்திலேயே திருமுழுக்குப் பெற்றனர். உடன்கட்டை ஏற இருந்த ஓர் இந்துப் பெண்ணைச் சிதையினின்று மீட்டு மணந்தார் என்றும், அவள் மறைந்தபின் ஆண்டுதோறும் அவளுடைய சமாதியில் ஒரு சேவலைப் பலியிட்டார் என்றும் பழைய பயணி ஒருவர் எழுதிவைத்த கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சேவற்பலி கேட்டவுடன் நம் நாட்டுக் காவல் தெய்வங்கள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை. இந்நகரின் தந்தை என்று அவரை நெடுங்காலம் புகழ்ந்து வந்தனர். ஆனால் ஓர் ஊருக்கு ஒருவரை நிறுவனர் என்றும் ஒரு நாளைப் பிறந்தநாள் என்றும் கொள்வது பொருந்தாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. சார்னாக் வருமுன்பே அங்கே ஊர்கள் இருந்தன அன்றோ?

அவர்மேல் கிடக்கும் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கம் ஆற்று வண்டல் படிந்த நாடு. கல்கத்தாவைச் சூழ எத்தனை ஆழம் தோண்டினாலும் களிமண்ணும் மணலுந்தான். ஆகவே செங்கல்லும் சுண்ணாம்புமே அந்நாட்டின் கட்டடப் பொருள்கள். கல் வேண்டுமாயின் வெளியிலிருந்து வரவேண்டும். இந்த யோவான் ஆலயத்துக்கே பாழடைந்த கௌடநகரத்திலிருந்து கல் பெயர்த்து வந்தார்கள். சார்னாக்கின் கல்லறைப் பலகையோ அவ்விடத்ததன்று. இலத்தீன் எழுத்துப் பொறித்த அக்கருங்கல்லை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து என்பார் ஆராய்ந்து, அது சென்னைப் புறத்தேயுள்ள பல்லாவரம், பரங்கிமலை ஆகிய குன்றுகளின் பாறையோடு ஒத்தது என்று கண்டார். அவ்வகைப் பாறைக்கு 1893-இல் அவர் இட்ட பெயர் சார்னாகைட் என்பது. உலகில் எந்நாட்டில் அவ்வகைப் பாறை கிடைத்தாலும், அது தென்துருவத்து அண்டார்ட்டிகாவாகவே இருந்தாலும், நிலவியலார் அப்பெயரால்தான் அழைக்கின்றனர்.

எமக்கு இதில் ஒரு சிறு மனக்குறை. மலை பல்லாவரத்தது, அதனைப் பெயர்த்தவன் தமிழ்க் கல்தச்சனாகவே இருந்திருப்பான், பெயர் மட்டும் அதன்கீழ்ப் படுத்திருப்பவருடையது! நிலவியலார் கணக்குப்படி அப்பாறையின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதே பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து மகேந்திரவர்மப் பல்லவன் தன் விருதுப் பெயர்களை ஏழாம் நூற்றாண்டில் பொறித்து வைத்தான். அதே பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியிலிருந்துதான் இந்தியப் பழங்கற்கால ஆராய்ச்சியே தொடங்கிற்று. இத்தனை பழமை வாய்ந்த மலைக்கு ஒரு வணிகன் பெயர் ஒட்டிக்கொண்டது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. எம்மோடு வந்த அன்பர் ஒருவர் பல்லாவரத்தில் பிறந்தவர். அவர் நெடுநேரம் அக்கல்லின் அருகே குனிந்து நின்றார். நிறம் கறுப்பு, உற்று நோக்கினால் ஒரு நீலப்பச்சைச் சாயல், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. “எங்கள் வீட்டு அம்மிக்கல் இதே நிறந்தான்” என்றார் அவர்.

அதே கட்டடத்துள் வில்லியம் ஹாமில்டன் என்னும் மருத்துவருடைய கல்லும் இருக்கிறது. மொகலாய மன்னன் பரூக்சியரின் நோயைத் தீர்த்துக் கம்பெனிக்கு வணிக உரிமைகள் கிட்டத் துணைநின்றவர் என்பர். அவர் 1717-இல் இறந்தார். அவருடைய கல்லில் பாரசீக எழுத்தும் உண்டு.

அங்கிருந்து பார்க் வீதிக்குச் சென்றோம். 2004-இல் அன்னை தெரசா பெயர் சூட்டப்பட்ட அவ்வீதிக்கு, மிகப் பழைய பெயர் இடுகாட்டு வீதி என்பதாகும். ஆலய வளாகத்தில் இடம் போதாமற் போகவே, ஊருக்கு வெளியே 1767-இல் புதிய இடுகாடு ஒன்றைத் திறந்தனர். அதுவே தென் பார்க் வீதிக் கல்லறைத் தோட்டம். வீதியின் இருமருங்கும் இன்று உணவு விடுதிகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. மதிலைக் கடந்து உள்ளே அடியெடுத்து வைத்ததும் அவ்வோசையெல்லாம் அடங்கிவிடுகிறது. மாமரமும் பிற மரங்களும் அடர்ந்த நிழலில், ஏறத்தாழ 1,600 கல்லறைகள். நாம் ஊரில் காணும் கிறித்தவக் கல்லறைகளைப் போன்றவை என்று எண்ணிவிடலாகாது. எகிப்தியக் கூர்ங்கோபுரங்கள், வானளாவும் ஊசித் தூண்கள், கிரேக்கக் கோயில்களைப் போன்ற தூண் மண்டபங்கள், கவிகை மாடங்கள் என ஒரு சிறு நகரமே அங்கே எழுந்து நிற்கிறது. உயிரோடிருந்தபோது கட்ட இயலாத மாளிகைகளை இறந்தபின் கட்டிக்கொண்டார்கள் போலும்!

ஆனால் அருகே சென்று பார்த்தால் எல்லாம் செங்கல்லும் காரையுமே. மேலே பூசிய சுதை உதிர்ந்து உள்ளிருக்கும் மெல்லிய செங்கற்கள் பல்லிளிக்கின்றன. அரசும் ஆலும் வேர்விட்டுப் பிளந்தவை பல. எழுத்துப் பொறித்த பலகை மட்டுமே கல். அப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தோம். முதல் கால் மணி நேரத்திலேயே நெஞ்சம் கனக்கத் தொடங்கிவிட்டது. இருபது வயது, இருபத்துமூன்று வயது, பதினெட்டு மாதம், பன்னிரண்டு நாள். முதியோரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கத்துக்கு வரும் வெள்ளையனின் ஆயுள் இரண்டு மழைக்காலமே என்பது அக்காலப் பழமொழி. நாட்டைக் கொள்ளையிட்டவர்கள் என்று அவர்களைப் பழிப்பது எளிது. அப்பழியில் உண்மையும் பெரிது. 1770-இல் வங்கத்தில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியபோது பல இலட்சம் மக்கள் மாண்டனர். அவர்களுள் ஒருவருக்கும் ஒரு செங்கல்கூட இல்லை. இக்கோபுரங்களுள் சில அப்பஞ்ச ஆண்டுகளை ஒட்டி எழுந்தவை. இதனையும் மறவாமல், பன்னிரண்டு நாள் குழந்தையின் கல்லையும் படிக்க வேண்டியிருக்கிறது.

ரோஸ் அயில்மர் என்னும் இளம்பெண்ணின் கல்லறை திருகிச் சுழன்றெழும் ஒரு தூண். அவள் 1800-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருபதாம் வயதில் இறந்தாள். அவளை இளமையில் அறிந்திருந்த கவிஞர் வால்டர் சாவேஜ் லாண்டர் அவள் நினைவாக எட்டடிப் பாடலொன்று இயற்றினார்; ஆங்கில இலக்கியம் படித்தோர் அதனை அறிவர். பிற்காலத்தில் அப்பாடலைக் கல்லறையிலேயே பொறித்தனர். இதில் ஒரு வியப்பு உண்டு. அதே லாண்டரின் பெயரைத் தாங்கியவன் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் மகன் வால்டர் லாண்டர் டிக்கன்ஸ். படையில் சேர்ந்து இந்தியா வந்த அவன் 1863 டிசம்பர் 31-ஆம் நாள் கல்கத்தாவில் இருபத்திரண்டு வயதில் மாண்டான். பவானிப்பூர் இடுகாட்டில் இருந்த அவனுடைய கல்லை 1987-இல் பெயர்த்து இத்தோட்டத்தில் கொணர்ந்து வைத்தார்கள். கவிஞர் பாடிய பெண்ணும், கவிஞர் பெயர் கொண்ட இளைஞனின் கல்லும் இவ்வாறு ஓரிடத்தில் சேர்ந்தன.

தோட்டத்திலேயே மிக உயர்ந்த ஊசித் தூண் சர் வில்லியம் ஜோன்சுக்கு உரியது. உச்சநீதிமன்ற நடுவராக 1783-இல் வந்து, 1784-இல் ஆசியக் கழகத்தை நிறுவி, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று கிளைத்தவை என்று 1786-இல் உரைத்து, சாகுந்தலத்தை மொழிபெயர்த்து, 1794-இல் நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார். தம் கல்லறை வாசகத்தைத் தாமே முன்னதாக எழுதிவைத்திருந்தார். அப்பெருமகனுக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும். எனினும் ஒன்று: அவர் கண்ட மொழிக் குடும்பத்தில் நமக்கு இடமில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் வழித்தோன்றல்கள் அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816-இல் சான்றுகாட்டி நிறுவியவர் சென்னையில் இருந்த எல்லிஸ் துரை. அவரும் 1819-இல் இராமநாதபுரத்தில் அகால மரணம் அடைந்தார். கல்கத்தாவின் ஜோன்சை உலகம் அறியும். நம் எல்லிசை நம்மவரே முழுதும் அறியார். கால்டுவெல் 1856-இல் எழுதிய நூலின் புகழ், எல்லிஸ் பெயரை மறைத்துவிட்டது என்பது எம் கருத்து.

சார்லஸ் ஸ்டூவர்ட் என்னும் படைத்தலைவரின் கல்லறை ஓர் இந்துக் கோயிலின் வடிவில் அமைந்தது. நாள்தோறும் கங்கையில் நீராடி, விக்கிரகங்களை வைத்துப் போற்றிய அவரை “இந்து ஸ்டூவர்ட்” என்றே அழைத்தனர். அவர் சேர்த்த சிற்பங்களுட் பல இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் இறந்தது 1828-இல். சிவபூரில் 1787-இல் தாவரத் தோட்டம் கண்ட இராபர்ட் கிட், தம்மைத் தம் தோட்டத்து மரநிழலிலேயே புதைக்க வேண்டும் என்று விரும்பினார். 1793-இல் அவரை இங்கேதான் கொணர்ந்து அடக்கினார்கள். இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, வங்க இளைஞரின் சிந்தையைக் கிளறிவிட்டு, அதற்காகவே பதவி துறக்க நேர்ந்து, அதே 1831-ஆம் ஆண்டு இறுதியில் வாந்திபேதிக்கு இரையான கவிஞர் டெரோசியோவும் இங்கேதான் இருக்கிறார். வயது இருபத்திரண்டு.

யாம் பலகை பலகையாகக் குனிந்து படித்துவருவதைக் கண்ட முதிய காவலர் ஒருவர் அருகே வந்தார். “மதராஸிலிருந்தா வருகிறீர்கள், தாதா? உங்கள் ஆள் யாராவது இங்கே இருக்கிறாரா?” என்று இந்தியில் கேட்டார். வேடிக்கையாகக் கேட்டாரோ, உண்மையாகவே கேட்டாரோ, தெரியவில்லை. ஆனால் “இருக்கிறார்” என்று எம்முள் ஒருவர் விடையிறுத்தார்.

அவர் குறித்தது கர்னல் காலின் மெக்கன்சியை. ஸ்காத்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் பிறந்து, 1783-இல் சென்னையில் கால்வைத்து, நில அளவைப் பொறியாளராகத் தென்னாடு முழுவதும் திரிந்தவர். அளவைச் சங்கிலியோடு ஓர் ஊருக்குச் சென்றால், ஊரின் எல்லையை மட்டும் குறித்துக்கொண்டு அவர் திரும்புவதில்லை. அவ்வூரின் கதை என்ன, கோயில் யார் கட்டியது, பாளையக்காரர் வழிமுறை என்ன, கணக்கரிடம் என்ன ஏடு இருக்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதச் செய்தார். ஏடுகளை வாங்கினார் அல்லது படியெடுத்தார். அவ்வாறு அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டியவை 1,500-க்கு மேற்பட்ட சுவடிகள், 8,000-க்கு மேற்பட்ட கல்வெட்டுப் படிகள், 6,000-க்கு மேற்பட்ட நாணயங்கள். இவை தவிர ஓவியங்கள், ஊர் வரலாற்றுக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்த தேட்டம் இது. 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவையராக அமர்த்தப்பெற்று, பின்னர்க் கல்கத்தா சென்றார். தொகுப்பும் உடன் சென்றது. அவற்றை ஒழுங்குபடுத்தி நூலாக்க வேண்டும் என்பது அவர் கனவு. அது கைகூடுமுன் 1821 மே 8-ஆம் நாள் இறந்தார். இப்பார்க் வீதி இடுகாட்டில்தான் அவரை அடக்கம் செய்தனர்.

பல்லாவரத்துக் கல்லைப் போலவே, தென்னாட்டு ஏடுகளும் ஒருகால் வடக்கே சென்று கல்கத்தாவில் கிடந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய மனைவியாரிடமிருந்து கம்பெனி அத்தொகுப்பை ஓர் இலட்ச ரூபாய்க்கு வாங்கியது. ஹோரஸ் ஹேமன் வில்சன் 1828-இல் அதற்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். பின்னர்த் தென்மொழிச் சுவடிகள் சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டன. இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் பயிலும் ஊர் வரலாறுகளுட் பல அவ்வாறு வடக்கே போய் மீண்டவை. போன கல் மீளவில்லை. போன ஏடு மீண்டது.

ஆனால் மெக்கன்சிக்குத் தமிழோ தெலுங்கோ வடமொழியோ படிக்கத் தெரியாது. அவரே அதனை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராக நடந்து, கிழவர்களைக் கேட்டு, கோயிற் சுவரில் ஒட்டடை துடைத்துப் படித்து, எழுதிக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அவர்களுள் தலையாயவர் காவலி போரய்யா. 1803-இல் இளமையிலேயே இறந்தார். அவர் தம்பி லட்சுமய்யா அப்பணியை ஏற்று, மெக்கன்சி மறைந்த பின்னும் அதனைத் தொடரவேண்டும் என்று 1830-களில் விண்ணப்பம் செய்துகொண்டார். கல்கத்தா ஆசியக் கழகத்தார், துணைநின்றவர் என்ற அளவில் அவர் பயன்பட்டிருக்கலாம், ஆனால் அத்தகைய பணியைத் தாமே நடத்தும் தகுதி அவருக்கு இல்லை என்று கருதி விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டு அதே பணியைச் செய்தவருக்குத் தகுதியில்லையாம்! சென்னையில் வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் அது சென்றது. 1784-இல் ஜோன்ஸ் நிறுவிய அக்கழகம், 1829 வரையில் இந்தியர் ஒருவரையும் உறுப்பினராக ஏற்றதில்லை என்பதையும் இவ்விடத்துச் சொல்லிவிட வேண்டும். போரய்யாவுக்கும் லட்சுமய்யாவுக்கும், அவர்களின்கீழ்த் தமிழ்நாட்டில் கால்கடுக்க நடந்த மற்றவர்களுக்கும் பார்க் வீதியில் தூணில்லை. சுவடிகளின் ஓரத்தில் எழுதியவர் பெயர் சிற்சில இடங்களில் இருக்கிறது. அதுவே அவர்களுக்கு நடுகல்.

காவலரிடம் இவ்வளவையும் இந்தியில் விளக்க எம்மால் இயலவில்லை. “எங்கள் ஊர்ப் புத்தகங்களைக் காப்பாற்றிய துரை” என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்தார்.

வீதியின் எதிர்ப்புறத்தில் வட பார்க் வீதி இடுகாடு என்று மற்றொன்று இருந்தது. நாவலாசிரியர் தாக்கரே 1811-இல் கல்கத்தாவில் பிறந்தவர்; அவருடைய தந்தையார் ரிச்மண்ட் தாக்கரே 1815-இல் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். தந்தையை இழந்த குழந்தையைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பினார்கள். அவ்விடுகாடு 1950-களில் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர் இடுகாடும் பின்னாளில் அவ்வாறே மறைந்து பள்ளிக்கூடமாயிற்று. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை. பெருநகரில் வாழ்வோருக்கு இடமில்லாதபோது இறந்தோர் எத்தனை நாள் இடம்பிடித்துக்கொண்டிருக்க முடியும்? தென் பார்க் வீதித் தோட்டமும் அவ்வழியே போயிருக்கும். 1970-களின் பிற்பகுதியில் கல்கத்தாவிலும் இலண்டனிலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்து, புதர் வெட்டி, காரை பூசி அதனைக் காத்தன.

இடிந்தவற்றின் எழுத்துகளும் பெரும்பாலும் அழிந்துவிடவில்லை. கல்லறைக் கல் செதுக்கும் தொழில் நடத்திய ஹோம்ஸ் கம்பெனியார், வங்கத்து இடுகாடுகளின் கல்லெழுத்துகளைத் தொகுத்து 1848-இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டிருந்தனர். வாணிகத்துக்கு விளம்பரமாகச் செய்தார்களோ, வரலாற்றுப் பற்றினால் செய்தார்களோ, அதனால் விளைந்த நன்மை பெரிது. கல் போயிற்று, காகிதம் நின்றது.

இதனைக் கேட்டபோது எமக்கு நம் சங்கத்து அலமாரி நினைவுக்கு வந்தது. பிழைப்பு நாடிக் கடல்கடந்து வந்து இருபது வயதில் மடிந்த அவ்விளைஞரைப் போலவே, நம்மவரும் பிழைப்பு நாடி இவ்வடபுலத்துக்கு வந்தவர்கள்தாம். கணக்கெழுத வந்தவர், இரயில்வேயில் சேர்ந்தவர், உலைக்களத்தில் நின்றவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், பிள்ளைப்பேற்றில் இங்கேயே கண்மூடிய பெண்கள் எனப் பலர். நம் வழக்கம் எரித்தல். சாம்பரைச் சுவர்ணரேகையில் கரைத்துவிட்டுத் திரும்பினால், பதின்மூன்றாம் நாளோடு எல்லாம் முடிந்தது. நடுகல் நட்டு, பெயரெழுதி, நீர்ப்படை செய்த மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் இவ்வூரில் நம் முன்னோர் ஒருவருக்கும் கல்லில்லை. அவர்கள் பெயர் இருப்பது சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களிலும், ஆண்டு மலர்களின் இரங்கற் பக்கங்களிலும், சந்தா இரசீதுகளின் அடிக்கட்டைகளிலுந்தான். அவற்றுட் சிலவற்றைக் கறையான் தொட்டுவிட்டது. திரும்பி வந்த மறுவாரமே யாம் நால்வரும் அமர்ந்து, எஞ்சியவற்றிலுள்ள பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுகாறும் முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. பழைய குடும்பத்தார் தத்தம் வீட்டில் உள்ள அழைப்பிதழ், நிழற்படம், கடிதம் முதலியவற்றைக் காட்டினால், பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

அன்று பிற்பகல் சர்க்குலர் சாலை இடுகாட்டுக்கும் சென்றுவந்தோம். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் அங்கே இருக்கிறார். அவருக்கும் நமக்கும் தொடர்புண்டு. 1848 முதல் 1856 வரை எட்டாண்டு சென்னையில் வாழ்ந்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் உழைத்தார். அவருடைய ஆங்கிலக் காவியம் 1849-இல் சென்னையில்தான் அச்சேறியது. ரெபேக்கா என்னும் பெண்ணை அங்கே மணந்து, நான்கு குழந்தைகளோடு அவளை அங்கேயே விட்டுப் பிரிந்துவந்தார். இங்கே அவர் பக்கத்தில் இருப்பது ஹென்ரியெட்டா. 1873 ஜூன் திங்களில் மூன்றே நாள் இடைவெளியில் இருவரும் இறந்தனர். வங்க மொழிக்குப் புதுக் காவிய நடை தந்த பெருங்கவிஞரின் குழிமேல் பதினைந்து ஆண்டுக் காலம் ஓர் அடையாளக் கல்லும் இல்லை, 1888-இல்தான் வைத்தார்கள். வழிப்போக்கனை நோக்கிச் சற்றே நிற்கச் சொல்லும் வங்கப் பாடல், அவரே எழுதியது, அதில் பொறித்திருக்கிறது. அங்கிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பொருள் பாதி விளங்கிற்று. ஓசை முழுதும் விளங்கிற்று. ரெபேக்காவின் கல்லறை சென்னையில் எங்கே என்று அவர் எம்மைக் கேட்டார். எம்மால் விடை சொல்ல இயலவில்லை.

ஆர்மீனியர் ஆலயத்தில் 1630 என்று ஆண்டு குறித்த கல்லொன்று உண்டு. சார்னாக் வருவதற்கு அறுபது ஆண்டு முற்பட்டது என்று அதனைக் காட்டுவர்; அவ்வாண்டைப் பற்றி அறிஞரிடையே வழக்கும் உண்டு. அதனைக் காண நேரமில்லை. ஹௌராவில் வண்டி புறப்பட ஒரு மணி நேரமே இருந்தது.